உலர்ந்த தூரிகை

வண்ணம் பூசுவது ஒன்றை மறைப்பதற்கே என்று நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். பொங்கலுக்கு முன் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம், கறை மறைகிறது. துருவேறிய சன்னல் கம்பிக்கு எனாமல் பூசுகிறோம், துரு மறைகிறது. மறைப்பதற்காக அன்றி, காட்டுவதற்காகவே பூசப்படும் வண்ணமும் உண்டு என்பதையும், அது தூரிகையில் வண்ணமே இல்லையோ என ஐயுறும் அளவுக்குத் துடைத்தெடுத்த பின்னரே பூசப்படும் என்பதையும், ஐம்பது வயதைக் கடந்தபின் ஓர் இளைஞரிடம் கற்றுக்கொண்டோம். கற்ற கலை சிறிது. ஆனால் அது எழுப்பிய கேள்வி சிறிதன்று. ஒன்றை அது இருப்பதைவிட வேறாகத் தோன்றச் செய்வது எப்போது பொய்யாகிறது? எப்போது உண்மைக்குத் துணையாகிறது? இக்கேள்வியை நம்மோடு சேர்ந்து சிந்திக்க வாசக அன்பர்களை அழைக்கிறோம்.

நாம் பணியாற்றும் பங்கு கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டியது. ஒருபுறம் கொல்கத்தா நெடுஞ்சாலையில் இரவென்றும் பகலென்றும் பாராமல் சரக்குந்துகள் ஓடுகின்றன. மறுபுறம் சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதை. இடையே உருக்காலைகள், வார்ப்பாலைகள், அவற்றின் புகை. ஞாயிறு திருப்பலிக்கு வருவோரிலும் இம்மண்ணின் பல அடுக்குகளைக் காணலாம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைவித்த குடும்பத்தினர், பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தோர், இலங்கையிலிருந்து உயிர் பிழைத்து வந்து முகாமில் வாழ்வோர் எனப் பலர். அண்மை ஆண்டுகளில் கோவிலின் பின்வரிசையில், கதவுக்கு அருகில், ஒடிசாவிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் வந்த இளைஞர் சிலரும் நிற்கக் காண்கிறோம். இடம் இருந்தாலும் அவர்கள் உட்காருவதில்லை.

எம் கோவிலில் பழைய கிறிஸ்துமஸ் குடில் சுரூபங்கள் ஒரு தொகுதி உண்டு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்க்கப்பட்டவை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சாண் உயரம். ஆண்டுதோறும் மார்கழி பிறக்கும் முன் யாரேனும் ஒருவர் ஒரு டப்பா எனாமல் வாங்கிவந்து அவற்றின்மேல் பூசுவது வழக்கம். பக்தியோடுதான் பூசினார்கள். ஆனால் ஒவ்வொரு பூச்சும் பழைய பூச்சின்மேல் படிந்து படிந்து, அன்னை மரியாவின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டன. யோசேப்பின் தாடி வழவழப்பான பழுப்புப் பட்டையாயிற்று. ஆட்டுக்குட்டியின் சுருள் மயிர் அடைபட்டு, அது சோப்புக் கட்டி போலத் தோன்றிற்று. இவ்வாறு பூசச் சொன்னவர்களுள் நாமும் ஒருவர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பளபளப்பே புதுமை என்றும், புதுமையே மரியாதை என்றும் கருதியிருந்தோம்.

2023-ஆம் ஆண்டு, அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் கிரேச்சோ என்னும் சிற்றூரில் கிறிஸ்து பிறப்பை எளிய குடிலமைத்துக் கொண்டாடியதன் எண்ணூறாவது ஆண்டு. அதன் நினைவாகச் சுரூபங்களைச் செப்பனிட எண்ணினோம். அப்பணியை, பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞர் ஏற்றுக்கொண்டார். அவர் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. இரவு ஷிப்ட் முடிந்து வந்து, உறக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்திலும் அட்டையாலும் சன்போர்டாலும் பேருந்து, சரக்குந்து, இரயில் பெட்டி ஆகியவற்றின் சிற்றுருக்களைச் செய்வது அவருடைய வழக்கம். உள்ளங்கையில் அடங்கும் ஓர் அரசுப் பேருந்தை அவர் ஒருமுறை நம்மிடம் காட்டியபோது, அதன் படிக்கட்டில் ஆயிரம் கால்கள் தேய்த்த தேய்வு தெரிந்தது. அந்தப் படியில் ஒரு கால்கூட வைக்கப்பட்டதில்லை!

அவர் வேலை செய்ததைப் பங்கு இல்லத்தின் பின்தாழ்வாரத்தில் பல மாலைகள் அமர்ந்து கவனித்தோம். முதலில், வண்ணம் நீக்கும் மருந்தும் சிறு கத்தியும் கொண்டு பழைய எனாமலைச் சுரண்டினார். பிறகு உருவம் முழுவதற்கும் கரும்பழுப்பு நிறத்தைப் பூசி நன்றாக உலரவிட்டார். அதன்பின், தேய்ந்து குட்டையாகிப்போன ஒரு தட்டைத் தூரிகையை எடுத்தார். நல்ல தூரிகை எதற்கு வீணாக வேண்டும், இவ்வேலைக்குப் பழையதே ஏற்றது என்றார். வெளிறிய மண்ணிற வண்ணத்தில் நீர் கலக்காமல் அதன் நுனியை மட்டும் தொட்டார். தொட்டதை அப்படியே சுரூபத்திற்குக் கொண்டுபோகவில்லை. ஒரு பழந்துணியில் துடைத்தார், மீண்டும் துடைத்தார், துணியில் தடம் விழாத நிலை வரும்வரை துடைத்தார்.

"தம்பி, எல்லாத்தையும் துடைச்சிட்டா எதைப் பூசப்போற?" என்று கேட்டோம்.

"மிச்சம் இருக்கும் ஃபாதர். அது போதும்" என்றார்.

பிறகு அந்த உலர்ந்த தூரிகையால் இடையனின் போர்வையை, தூசு தட்டுவது போல, மெல்ல வருடினார். முதல் வருடலில் ஒன்றும் தெரியவில்லை. பத்தாவது வருடலில் போர்வையின் மடிப்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. மேடான விளிம்புகள் மட்டும் வண்ணத்தை ஏற்றன. பள்ளங்கள் இருளாகவே நின்றன. இன்னும் சற்று வெளிறிய நிறத்தில், இன்னும் குறைந்த அளவில், அதையே மறுபடியும் செய்தார். நெசவின் இழைகள் தெரிந்தன. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அச்சைச் செதுக்கிய பெயர் தெரியாத கைவினைஞர் அப்போர்வையின் தோளில் ஓர் ஒட்டுத் துணி வைத்துத் தைத்திருந்தார் என்பது அன்றுதான் எங்கள் கண்ணில் பட்டது. எனாமலின் அடியில் இத்தனை ஆண்டுகளும் அந்த ஏழையின் ஒட்டுத் துணி புதைந்து கிடந்தது.

சிற்றுருவங்களை விரும்பிச் செய்வோர் உலகெங்கும் இம்முறையைக் கையாள்கிறார்கள். நம் இளைஞர்களும் இதை டிரை பிரஷ் என்றே அழைக்கிறார்கள். இதற்கு ஒரு காரணமும் உண்டு. ஆளுயரச் சிலையின் ஆடை மடிப்பு விரலளவு ஆழமுடையது. சன்னல் வழியே வரும் ஒளி பட்டாலே அங்கே நிழல் விழும். சாண் உயரச் சுரூபத்தில் அதே மடிப்பு நகக்கீறல் அளவே இருக்கும். அவ்வளவு சிறிய மேட்டிலும் பள்ளத்திலும் இயற்கை ஒளி போதிய வேறுபாட்டைக் காட்டாது. ஆகவே கலைஞர், இயல்பாக விழாத ஒளியை மேட்டிலும் இயல்பாகத் தங்காத இருளைப் பள்ளத்திலும் வண்ணத்தால் வைக்கிறார். மயிர், வைக்கோல், கல், மரப்பட்டை, முரட்டுத் துணி ஆகிய சொரசொரப்பான பரப்புகளுக்கு இது மிகவும் ஏற்றது.

முகத்திற்கு மட்டும் அவர் அத்தூரிகையை எடுக்கவில்லை. காரணம் கேட்டோம். "முகம் வழவழப்பு ஃபாதர். இதால தேய்ச்சா மாவு பூசின மாதிரி ஆயிடும். முகத்துக்குப் பக்கத்துல உட்கார்ந்து, மெல்லிசு பிரஷ்ல, கொஞ்சம் கொஞ்சமாத்தான் பண்ணணும்" என்றார். அப்போது அது ஒரு தொழில் நுணுக்கமாக மட்டுமே நம் காதில் விழுந்தது.

இதற்கிடையே டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. சென்னையும் திருவள்ளூர் மாவட்டமும் மழைநீரில் மிதந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெளிமாநிலத் தொழிலாளர் தங்கும் தகரக் கொட்டகைகளுக்குள் நீர் புகுந்தது என்று அறிந்து, எம் பங்கு மக்கள் தாராளமாக வாரி வழங்கினார்கள். சோற்றுப் பொட்டலங்களையும் போர்வைகளையும் ஏற்றிக்கொண்டு நாமும் சென்றோம். கொட்டகை வளாகத்தின் இரும்புக் கதவருகே வண்டியை நிறுத்தி, வரிசையில் நிற்கச் சொல்லி, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தோம். புகைப்படம் எடுக்கப்பட்டது. அரைமணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. கதவைத் தாண்டி ஒருவரும் உள்ளே செல்லவில்லை. இந்நிகழ்வுக்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

கிறிஸ்துமசுக்கு ஒரு வாரம் இருக்கையில் சுரூபங்கள் பங்குப் பேரவையினர் முன் வைக்கப்பட்டன. சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு பெரியவர், "புதுசாக்கிக் குடுன்னு சொன்னா, பழசாக்கிக் குடுத்திருக்கானே ஃபாதர்!" என்றார். சிலர் சிரித்தனர். ஆனால் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சிரிக்கவில்லை. அவர் எழுந்து வைத்த மறுப்பு வலிமையானது. "ஃபாதர், அழகா இருக்குங்கிறதை நான் மறுக்கலே. ஆனா இந்தப் போர்வையில அழுக்கு படியவே இல்லை. படிஞ்ச மாதிரி காட்டியிருக்கோம். வெயில் படலே, பட்ட மாதிரி காட்டியிருக்கோம். கோவில்ல ஒரு பொய்யை வைக்கலாமா?" என்றார்.

இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட இயலவில்லை. எம் மாவட்டத்தில் பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கம் என்னும் ஊர் உண்டு. 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபுட் அங்கே தொல்பழங்காலக் கற்கருவிகளைக் கண்டறிந்தார். அங்குள்ள மிகப் பழைய கருவிகள் பத்து இலட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை என்று 2011-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அக்கல்லின் தேய்வு காலம் இட்ட கையொப்பம். அதே தேய்வை ஒருவர் அரைமணி நேரத்தில் வண்ணத்தால் உண்டாக்கி, பழங்கல் என்று விற்றால் அதை மோசடி என்போம். அவ்வாறாயின் இடையனின் போர்வையிலுள்ள தேய்வு மட்டும் எப்படிக் குற்றமற்றதாகும்?

இங்கே புனித அகுஸ்தீனார் நமக்குத் துணைவருகிறார். பொய்யைப் பற்றி அவரைப்போல் கடுமையாகச் சிந்தித்தோர் சிலரே; உயிரைக் காப்பதற்காகக்கூடப் பொய் சொல்லலாகாது என்று வாதிட்டவர் அவர். அத்தகையவர், திருமுழுக்குப் பெறுமுன் எழுதிய 'தனியுரை' என்னும் உரையாடலில் நுட்பமான ஒரு கருத்தை முன்வைக்கிறார். ஓவியத்திலுள்ள குதிரை உண்மையான குதிரையன்று. ஆனால் அது பொய்யான குதிரையாக இருந்தால்தான் உண்மையான ஓவியமாக இருக்க முடியும். மேடையில் மன்னனாக நடிப்பவன் பொய் மன்னனாக இருக்க இசைந்தால்தான் உண்மை நடிகனாகிறான். ஏமாற்றும் நோக்கமுடையது ஒன்று. இன்பமூட்டவோ உணர்த்தவோ புனைவது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கலாகாது என்பது அவர் கருத்தின் சாரம்.

அகுஸ்தீனார் பொய்யை நோக்கத்தால் அளந்தார். நம் வள்ளுவரோ வாய்மையை விளைவால் அளந்தார். எவருக்கும் தீங்கு சிறிதும் பயவாத சொல்லே வாய்மை என்றார். இவ்விரு அளவுகோல்களையும் இடையனின் போர்வைமேல் வைத்துப் பார்ப்போம். இச்சுரூபம் பெத்லகேமிலிருந்து வந்தது என்று யாரும் சொல்லவில்லை. இது பிளாஸ்டர் என்பது குழந்தைக்கும் தெரியும். எவரையும் ஏமாற்றும் எண்ணம் இல்லை. எவர் பணமும் பறிபோகவில்லை. பழங்கல் என்று விற்பவனுக்கும் இவருக்கும் வேறுபாடு தூரிகையில் இல்லை. காண்பவரோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் இருக்கிறது. அதுமட்டுமன்று. பளபளக்கும் எனாமல் உண்மையைச் சொல்லிற்றா? பட்டு உடுத்தியவர்களைப்போல் இடையர்களைக் காட்டிய அதைக் குறித்து எவரும் பொய் என்று நாற்பது ஆண்டுகள் முறையிடவில்லையே! அழுக்கு பொய்யென்றால் பளபளப்பும் பொய்தான். இரண்டில் எது அந்த இரவுக்கு அருகில் இருக்கிறது என்பதே கேள்வி.

ஆசிரியரிடம் இதைச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார். பாதி ஏற்றுக்கொண்டதுபோலத் தலையசைத்தார். சுரூபங்கள் குடிலில் இடம் பெற்றன. விவாதத்தில் வென்றுவிட்டதாக நாம் கருதினோம். ஆனால் அவர் கேட்ட கேள்வி இன்னும் கனமான உருவில் திரும்பி வரவிருந்தது.

கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலிக்குப்பின் மக்கள் குடிலைச் சூழ்ந்து நின்றனர். சிறுவர் முழந்தாளிட்டனர், பெரியோர் வியந்தனர். குறிப்பாக அந்த இடையன் எல்லோர் மனத்தையும் கவர்ந்தான். எவ்வளவு இயல்பு, எவ்வளவு எளிமை, அந்தக் கிழிந்த போர்வையைப் பாருங்கள் என்ற பேச்சு எங்கும் கேட்டது. மனம் நிறைந்து அவ்விளைஞரைப் பாராட்டி, போர்வையின் நிறம் எப்படி இவ்வளவு பொருத்தமாக அமைந்தது என்று கேட்டோம். அவர் சற்றுத் தயங்கி, கோவிலின் பின்பக்கம் கண்ணைக் காட்டினார். சார்க்கண்டுத் தொழிலாளர் நால்வர் அங்கே நின்றுகொண்டிருந்தனர். கூட்டம் கலையட்டும், பிறகு குடிலருகே வருவோம் என்று காத்திருந்தனர் போலும்.

"அவங்க என்னோட ஷிப்ட் ஃபாதர். உலை பக்கத்துல நிக்கிறவங்க. வியர்வை காய்ஞ்சு உப்புப் பூத்தா, துணி மடிப்போட விளிம்புலதான் முதல்ல வெளுக்கும். அதைப் பார்த்துத்தான் பண்ணினேன்" என்றார்.

அன்பர்களே, அந்த நொடியில் நம் உள்ளத்தில் ஏற்பட்டது மகிழ்ச்சியா வெட்கமா என்று இன்றும் பிரித்துச் சொல்ல இயலவில்லை. குடிலின் முன்னே ஒரு சாண் உயரப் போர்வையைக் கண்டு எல்லோரும் உருகிக்கொண்டிருந்தனர். அதே போர்வையின் மூலம் இருபது அடி தொலைவில் கதவருகே நின்றுகொண்டிருந்தது. அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இது புதிய குற்றமன்று. 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் குடிற்கலை உச்சத்தை அடைந்தது. சுட்ட மண்ணால் முகமும் கண்ணாடியால் கண்களும் அமைத்து, திருக்குடும்பத்தைச் சுற்றிலும் மீன் விற்போரையும் கிழிந்த ஆடை உடுத்திய இரவலரையும் நுணுகி நுணுகிப் படைத்தார்கள். நேப்பிள்ஸ் மன்னர் சார்லசே அக்கலையின் பெரும் புரவலர். அரண்மனைக்குள் இரவலரின் பொம்மைக்கு இடம் இருந்தது. உயிருள்ள இரவலருக்கு இடம் வாயிலுக்கு வெளியேதான். அவர்களை இகழ நமக்குத் தகுதியில்லை. இரும்புக் கதவருகே வண்டியை நிறுத்திப் போர்வை கொடுத்துத் திரும்பியவர்கள் அல்லவா நாம்!

ஆகவே ஆசிரியரின் கேள்விக்கு நாம் சொன்ன விடை பிழையன்று, ஆனால் நிறைவற்றது. நோக்கத்தால் அளந்தோம், விளைவால் அளந்தோம். மூன்றாவது அளவுகோல் ஒன்றை மறந்தோம். உருவங்களை உடைக்க வேண்டும் என்ற இயக்கம் கீழைத் திருச்சபையைக் குலுக்கிய காலத்தில், 787-இல் கூடிய இரண்டாம் நீசேயாப் பொதுச்சங்கம் உருவ வணக்கத்தை நியாயப்படுத்தியது எவ்வாறு? உருவத்திற்குச் செலுத்தப்படும் மரியாதை உருவத்தோடு நின்றுவிடாமல், அது யாரைக் காட்டுகிறதோ அவரையே சென்றடைகிறது என்று கற்பித்தது. 1563-இல் திரிதெந்துச் சங்கமும் அதையே வலியுறுத்தியது. குருமட நாள்களில் இதை மனப்பாடம் செய்து தேர்விலும் எழுதினோம். ஆனால் இக்கற்பிதத்தில் ஒரு கடமையும் அடங்கியிருப்பதை அன்று உணரவில்லை. மரியாதை மூலத்தைச் சென்றடைந்தால்தான் உருவம் உண்மையாகிறது. சென்றடையாமல் உருவத்திலேயே தேங்கிவிட்டால், கலைஞர் எவ்வளவு நேர்மையாகச் செய்திருந்தாலும் நாம் அதைப் பொய்யாக்கிவிடுகிறோம். உருவத்தின் உண்மையை முடித்துவைக்கும் கை கலைஞனுடையதன்று, காண்பவனுடையது.

கிரேச்சோவை நினைத்துப் பாருங்கள். செலானோ நகர்த் தோமா எழுதிவைத்த வரலாற்றின்படி 1223-இல் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் சுரூபங்கள் இல்லை. தீவனத் தொட்டி இருந்தது, வைக்கோல் இருந்தது, மாடும் கழுதையும் இருந்தன, தீப்பந்தம் ஏந்திய ஊர்மக்கள் இருந்தனர். அங்கே திருப்பலி நிறைவேற்றப்பட்டது. திருத்தொண்டரான பிரான்சிஸ் மறையுரை ஆற்றினார். பொம்மை இடையர்கள் தேவைப்படவில்லை. ஏனெனில் இடையர்களே நேரில் நின்றிருந்த நாட்டுப்புறம் அது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 டிசம்பர் முதல் நாளன்று அதே கிரேச்சோவில் குடில் பற்றிய தம் திருமடலில் கையெழுத்திட்டபோது, குடிலிலுள்ள ஏழைகளின் உருவங்கள் நம்மை உண்மை ஏழைகளிடம் அழைத்துச் செல்ல வேண்டும் என்ற கருத்தையே வலியுறுத்தினார். நாமும் அம்மடலைப் படித்து, மறையுரையில் பயன்படுத்தியும் இருந்தோம்!

சனவரியில் ஒரு ஞாயிறு மாலை, அவ்விளைஞரோடு தொழிலாளர் கொட்டகைக்குச் சென்றோம். இம்முறை இரும்புக் கதவைத் தாண்டினோம். வெள்ளம் நின்ற அளவு தகரச் சுவரில் கோடாகத் தெரிந்தது. ஓர் அறையில் எட்டுப் பேர். வாசல் வழியே சாய்ந்த வெயில் உள்ளே வந்து, கயிற்றில் தொங்கிய சட்டைகளின் விளிம்பிலும், அடுப்புக் கரி படிந்த சட்டியின் விளிம்பிலும், ஒருவருடைய தோள்பட்டையிலும் மட்டும் பட்டு, மற்றதையெல்லாம் இருளில் விட்டிருந்தது. அப்போது நம் மனத்தில் முதலில் எழுந்த எண்ணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். "அப்படியே நம் குடில்போல் இருக்கிறதே" என்றே எண்ணினோம். எட்டு மனிதர் வாழும் இடத்தில் நாம் முதலில் கண்டது ஒரு காட்சியின் அழகை!

கலை நமக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது உண்மை. அது இல்லையேல் அத்தோளின்மேல் வெயில் பட்டது நம் கண்ணில் பட்டிருக்காது. ஆனால் அதே கலை, மனிதரையும் ஒரு படமாகவே பார்க்கும் பழக்கத்தையும் உடன் தந்துவிட்டது. இங்கேதான் ஆபத்து மறைந்திருக்கிறது. வறுமையின் அழகைச் சுவைக்கக் கற்றவன், வறுமை நீங்க வேண்டும் என்று விரும்ப மறந்துவிடக்கூடும். வண்ணத்தால் இட்ட துருவைக் கண்டு வியப்பவன், மனிதர் தலைக்கு மேலே ஒழுகும் துருப்பிடித்த தகரத்தையும் அவ்வாறே வியந்துவிட்டுப் போகக்கூடும்.

அப்போது அந்த மனிதர் எழுந்து, தாம் அமர்ந்திருந்த ஒரே பெஞ்சைத் துடைத்து, உட்காருமாறு சைகை காட்டினார். அவருடைய வலது முன்கையில் பழைய தீக்காயம் ஒன்று இருந்தது. நமக்கு இந்தி சில சொற்களே தெரியும். அவருக்குத் தமிழ் சில சொற்களே தெரியும். அவ்விளைஞர் இடையே நின்று மொழிபெயர்த்தார். பெயரைக் கேட்டோம். ஊரைக் கேட்டோம். அங்கே அவருடைய தந்தை வேதியராகப் பணியாற்றுகிறார் என்றும், கிறிஸ்துமஸ் இரவில் ஊர் முழுவதும் வட்டமாகக் கைகோத்து ஆடுவார்கள் என்றும், இங்கு வந்து மூன்று கிறிஸ்துமஸ் கழிந்துவிட்டது என்றும் சொன்னார். மூன்று ஆண்டுகளாக ஞாயிறுதோறும் நம் கையிலிருந்து நற்கருணை வாங்கிய அவருடைய பெயரை அன்றுதான் அறிந்தோம். நாம் கொடுத்த போர்வையைப் பற்றி ஏதேனும் சொல்வாரோ என்று எதிர்பார்த்தோம். அதைப்பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

புயலுக்குப்பின் நாம் செய்த உதவி தீயதன்று. பசித்தவர் உண்டனர், நனைந்தவர் போர்த்தினர். ஆனால் அது வண்ணம் தோய்ந்த முழுத் தூரிகையால் செய்த உதவி. ஒரே பொட்டலம், ஒரே போர்வை, ஒரே வரிசை என எல்லோர்மேலும் ஒரே பூச்சாகப் பூசினோம். அப்பூச்சின் அடியில் வேதியரின் மகன் மறைந்துபோனார். 'பாதிக்கப்பட்டோர்' மட்டுமே தெரிந்தனர். கொடுப்பவனின் தாராளமே பெறுபவனின் முகத்தை மூடிவிடுவதும் உண்டு. நாம் பிறருக்குச் சொல்லும் அறிவுரையும் அத்தகையதே. துயருற்றவரிடம் செல்லும்போது எவ்வளவு சொற்களைத் தோய்த்துக்கொண்டு செல்கிறோம்! வாசலிலேயே நின்று அவற்றில் பெரும்பகுதியைத் துடைத்துவிட்டு நுழைந்தால், எஞ்சிய சொற்பத்தில் அவருடைய உள்ளத்தின் மேடுபள்ளங்கள் தாமாகத் தெரியவரலாம். மணி அடித்ததும் மறையுரை மேடைக்கு ஓடும் நமக்கே இதை முதலில் சொல்லிக்கொள்கிறோம்.

ஆயினும், உலர்ந்த தூரிகையே அனைத்துக்கும் விடை என்று முடிக்க மனம் ஒப்பவில்லை. அவ்விளைஞர் பின்தாழ்வாரத்தில் அமர்ந்து சொன்ன சொல் இப்போதுதான் நமக்கு விளங்குகிறது. போர்வைக்கும் வைக்கோலுக்கும் அந்த முறை போதும், முகத்திற்குப் போதாது. உடையின் கிழிசலும் சுவரின் கரியும் விரைந்து பார்த்தாலே புலப்படும். ஒரு நிழற்படத்திலும், ஒரு குடிலிலும், இக்கட்டுரை போன்ற ஓர் எழுத்திலும் அவை நன்றாகவே எடுபடும். முகமோ அவ்வாறு அகப்படாது. அதற்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். நேரம் செல்ல வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அது தெளியும்.

ஆசிரியரைப் பின்னர் ஒருநாள் சந்தித்தபோது, "நீங்கள் கேட்டதற்கு நான் அன்று சொன்ன விடை பாதிதான்" என்று சொல்லி, நடந்ததைக் கூறினோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "எனக்கு இந்தி தெரியும் ஃபாதர். முப்பது வருஷம் பாடம் நடத்தினேன்" என்று மட்டும் சொன்னார். அடுத்த ஞாயிறு திருப்பலி தொடங்குகையில் அவர் வழக்கமான முதல் வரிசையில் இல்லை. கடைசி வரிசையில், கதவுக்கு அருகில், அந்நால்வரோடு அமர்ந்திருந்தார். அவர்களும் அன்று உட்கார்ந்திருந்தார்கள்.